விடைபெற்றுச் சாப்பிடுகிறவர்

மனிதர்களில் விடைபெற்றுச் சாப்பிடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. நாளை பத்தியம் என்றால் இன்று விருந்து என்பது அவர்கள் வேதம். சமோவாவில் எங்கள் ஊர் ஃபிலிப்போவைப் பாருங்கள். ஊர்ச் சபையில் பெரிய தலை. இதயத்தில் ஒரு வால்வு பழுது. நியூசிலாந்தில், ஆக்லாந்தில் அறுவை சிகிச்சைக்கு இடமும் கிடைத்தாயிற்று.

"ஆறு வாரத்துல உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க. மீன், கீரை, பழம். தினமும் அரை மணி நடை. ஆறு நிமிஷம் நிக்காம நடந்து காட்டினாத்தான் விமானம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள் நர்ஸ் ஃபியா.

அன்றே தொடங்கினார், விடைபெறுவதை. முதல் ஞாயிறு பன்றிக்கறிக்கு, மறு ஞாயிறு தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட சேம்பிலைக்கு, புதன்கிழமை டின் மாட்டிறைச்சிக்கு, அதற்குச் சரியாக விடை சொல்லவில்லையோ என்ற சந்தேகத்தில் வியாழக்கிழமை மறுபடியும் அதற்கே. "கடைசியா ஒரு வாய், மெலே" என்பார் மனைவியிடம். ஒரு மனுஷனுக்கு எத்தனை கடைசி ஐயா?

நடையா? அதையும் விடவில்லை. தினமும் மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார், சரியாகப் பிரார்த்தனைச் சங்கு ஊதும் நேரத்துக்கு. சங்கு ஊதிவிட்டால் பிரார்த்தனை முடியும்வரை எங்கள் தெருவில் யாரும் நடக்கக்கூடாது, மீறினால் அபராதம். விதிக்கிற சபையில் இவர்தானே முன்வரிசை!

"நான் கிளம்பிட்டேன். சங்கு ஊதிட்டாங்க. என்ன பண்றது?" என்று உட்கார்ந்துவிடுவார். பிரார்த்தனை முடிந்தால் சாப்பாட்டு நேரம்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபியா கடிகாரத்தோடு நின்றாள். இரண்டாவது நிமிஷமே ஃபிலிப்போவுக்கு மூச்சு வாங்கியது, பெஞ்சில் சாய்ந்தார்.

"இங்க சங்கு ஊதலையே" என்றாள் ஃபியா. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. இன்னும் ஆறு வாரம் தர்றேன். அதுக்கு மேல அந்த வால்வு தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பும் பஸ்ஸில் ஃபிலிப்போ மெல்ல ஆரம்பித்தார். "நாளையிலேருந்து கண்டிப்பா, மெலே. இன்னிக்கு மட்டும் கடைசியா..."

மெலே ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாச் சாப்பாட்டுகிட்டயும் விடை சொல்லியாச்சு. என்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

ஃபிலிப்போ வீட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போதே பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். மெலேயும் இறங்கினாள். சங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். திங்கட்கிழமையிலிருந்து நடக்கப் போகிறீர்கள், தெரியும். அது இருக்கட்டும், உங்கள் கையில் இருக்கிறதே, அது எத்தனையாவது கடைசி வடை?