பலாப்பாறையின் அழகு கெடாதிருக்க

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைக்கத்தக்கது, ஏற்காடு ரிசார்ட் அதிபர் ஆறுமுகம் பலாப்பாறையைக் கண்டுபிடித்த செயல். அங்கே நாலு தலைமுறையாக ஜனங்கள் குடியிருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, சும்மா வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஏற்காட்டிலோ கண்டுபிடிக்க எதுவும் பாக்கியில்லை. உட்காரத் தோதான பாறைக்கு 'சீட்' என்றும், எட்டிப் பார்க்கத் தோதான விளிம்புக்கு 'பாயின்ட்' என்றும் பெயர் வைத்துப் பக்கத்திலேயே மிளகாய் பஜ்ஜிக் கடையும் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் முன்னால் நிற்பவரின் முதுகுதான் இயற்கைக் காட்சி. "வேற அமைதியான எடம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்று விருந்தினர்கள் கேட்கத் தொடங்கியதும் ஆறுமுகத்துக்குப் பொறுப்புணர்ச்சி பொங்கியது. 'கவனிக்கப்படாத அழகுகள் மேம்பாட்டுக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவர், பொருளாளர் அவர் மனைவி தனலட்சுமி, ஒளிப்பதிவு மைத்துனன் விக்னேஷ். தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின.

பலாப்பாறை செம்மநத்தத்துக்கும் அப்பால். தார் ரோடு ஓர் எஸ்டேட் கேட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து காப்பிக் காட்டு வழியே ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். குழு நேரில் ஆய்வு செய்தது. செல்போனில் சிக்னல் இல்லை: 'மன அமைதி' என்று குறித்துக்கொண்டார்கள். மழை வந்தால் கரண்ட் இருக்காது: 'நட்சத்திர தரிசனம்'. மாரியம்மன் கோயில் சுவரில் ஒரு டோலி சாத்தியிருந்தது. நீண்ட மூங்கில் கழி, அதில் தொட்டிலாகக் கட்டிய கம்பளி.

"இது என்னப்பா?" என்றார் ஆறுமுகம்.

"எங்க ஊரு ஆம்புலன்சுங்க," என்றான் டோலி தூக்கும் சித்தன். "நோவுல கெடக்கறவங்க, புள்ளத்தாச்சி, எல்லாத்தையும் இதுலதாங்க கீழ கொண்டு போறது. தூக்கினா தார் ரோடு வர்ற வரைக்கும் எறக்க மாட்டோமுங்க. பாதி வழியில மண்ணுல வெச்சா உள்ள இருக்கறவங்களுக்கு ஆகாதுங்க."

ஆறுமுகத்தின் கண்கள் பனித்தன. 'பாரம்பரியப் பல்லக்குச் சவாரி' என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஆபத்து அவர் கண்ணில் பட்டது. பாதையோரம் வரிசையாக மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள்.

"ரோடு போடறாங்களுங்க," என்றாள் அந்த ஊர்க்காரி கண்ணாயி. அவள் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மகள் சிவரஞ்சனி. "இவளுக்கு ஏழு மாசமுங்க. அதுக்குள்ள ஒரு ஜீப்பு ஏறி வந்தாப் போதுமுங்க. மூத்தவ பிரசவத்துல இந்தப் பாதையில நாங்க பட்ட பாடு சாமிக்குத்தான் தெரியும்."

"ரோடா!" என்று ஆறுமுகம் நெஞ்சில் கை வைத்தார். "ஏம்மா, ரோடு வந்தா கார் வரும். கார் வந்தா கூட்டம் வரும். அப்புறம் அழகு கெட்டுப்போயிரும். எதையும் மாத்தாதீங்க. இப்படியே இருங்க, நொம்ப நல்லாருக்கீங்க."

"நல்லாருக்கறமுங்களா?" என்று கண்ணாயி தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாளே குழுவின் முத்திரையோடு ஆட்சேபணை மனு போயிற்று. ரிசார்ட்டில் காலை இட்லிக்கு வரிசையில் நின்ற அத்தனை 'இயற்கை அன்பர்களும்' கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ரோட்டு வேலை 'மறு ஆய்வுக்காக' நிறுத்தப்பட்டது. அரசு இயந்திரம் மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்பவர்கள், அதை நிற்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பல்லக்குச் சவாரியின் தொடக்க விழா. காப்பி சரியாகக் காய்க்காத வருஷம் என்பதால் சித்தனும் கூட்டாளிகளும் கூலிக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். மேலே கோயிலடியிலிருந்து கீழே இறங்கும் முதல் பயணியாக மாலையும் கழுத்துமாக ஆறுமுகமே ஏறிப் படுத்தார். பின்னாலேயே கேமராவோடு விக்னேஷ். பாதி வழியில் பள்ளத்தாக்கு தெரிந்த இடத்தில், "இங்க எறக்குங்கப்பா, ஒரு போட்டோ," என்றார்.

"எறக்க மாட்டோமுங்க," என்றான் சித்தன்.

"பார்த்தியா விக்னேஷ், பாரம்பரியம்!" என்று அவர் பூரித்துக்கொண்டிருந்தபோது, மேலிருந்து கண்ணாயி தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"சித்தா! சிவரஞ்சனிக்கு வலி எடுத்துருச்சு! டோலியத் திருப்புங்க!"

"திருப்பறதா? படமே இன்னும் முடியலையே!" என்றார் ஆறுமுகம் கம்பளிக்குள்ளிருந்து. "கீழ போயி என்னை விட்டுட்டு அப்புறம் வாங்க."

சித்தன் தவித்தான். "பாதி வழியில எறக்கக் கூடாதேக்கா."

கண்ணாயி ஒரு நொடி யோசித்தாள். "எறக்க வேண்டாம். சாச்சுடுங்க."

சாய்த்தார்கள். ஐதீகம் இம்மியும் பிசகவில்லை. தலைவரின் கணுக்கால்தான் பிசகியது. காப்பிச் செடிகளுக்கிடையே ஒரு கவனிக்கப்படாத பள்ளத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். "ஓடு கண்ணு, கீழ உங்க ஜீப்பக் கெளப்பி வை!" என்று கண்ணாயி விக்னேஷை விரட்டினாள். அவனும் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் உபயோகமான காரியம் செய்ய ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் சிவரஞ்சனியைச் சுமந்துகொண்டு டோலி அவரைத் தாண்டிப் போயிற்று. "நில்லுங்கப்பா!" என்று கத்தினார். தூக்கினால்தான் நடுவில் இறக்க மாட்டார்களே. செல்போனை எடுத்துப் பார்த்தார், மன அமைதி. தூறல் போட்டது. பனி இறங்கியது. பலாப்பாறை எவ்வளவு குளிரும் என்பதை அவர் அன்றுதான் நேரில் ஆய்வு செய்தார்.

சாயங்காலம் வெறும் டோலியோடு ஆட்கள் திரும்பி வந்தார்கள். மாற்றுச் சேலை எடுக்கக் கண்ணாயியும் கூடவே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். விக்னேஷ் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தானாம்.

ஆறுமுகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏம்மா, காலு வீங்கி நிக்க முடியல. மனுசன் விழுந்து கெடந்தா ஒரு ஜீப்பு ஏறி வர இங்க ஒரு ரோடுகூடவா இல்ல? என்ன ஊரும்மா இது! யாருமே கவனிக்க மாட்டாங்களா?"

கண்ணாயி நின்றாள். சேறு பூசிய வேட்டியையும், மாலையில் சிக்கிய காப்பி இலைகளையும், வீங்கிய காலையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ரோடுங்களா? அது வேண்டாமுங்க, அழகு கெட்டுப்போயிரும். எதையும் மாத்தாதீங்க. இப்படியே இருங்க, நொம்ப நல்லாருக்கீங்க."