நிர்மலாதேவி ஒருத்திதான் என்று சம்பந்திக்கு எழுதியது

முதலியார்பேட்டை, புதுச்சேரி.
04-07-2006

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கோவிந்தசாமி அவர்களின் சமூகத்திற்கு,

1. நான், காலஞ்சென்ற அரிகிருஷ்ணனின் மகன் கமலக்கண்ணன், வயது அறுபத்தாறு, ஓய்வுபெற்ற வழக்கறிஞர், தங்கள் மகள் நிர்மலாதேவிக்கு மாமனார்.

2. இக்கடிதத்தை எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு நினைவோடு எழுதுகிறேன். என் மனைவி பாக்கியலட்சுமி பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். நிற்பது வற்புறுத்தல் ஆகாது.

3. தங்கள் மகளின் மருத்துவ உதவியாளர் பதிவு தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றப்பட்டுவிட்டது. கடந்த வெள்ளிக்கிழமை உப்பளம் மருத்துவமனையில் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

4. சென்ற மாதம் விக்கிரவாண்டியில் தங்கள் வீட்டுக்கு ஓர் அரசு ஊழியர் வந்து, நிர்மலாதேவி என்ற பெயரில் தங்களுக்கு எத்தனை மகள்கள் என்று விசாரித்ததற்கு முழுப் பொறுப்பாளி நானே.

தாங்களும் சம்பந்தியம்மா சின்னப்பொண்ணு அவர்களும் நலமாகவும், இப்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டும் இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு யாவரும் நலம். இனி, நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது என் கடமை.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சீரு செனத்தியெல்லாம் உடுங்க சம்பந்தி. பொண்ணு ரெண்டு வருசம் கண்ணு முழிச்சிப் படிச்சிருக்குது. அங்க வந்தாலும் வேலைக்குப் போவும் இல்ல?” என்றீர்கள். “போகும், அது என் பொறுப்பு” என்றேன். அந்த வாக்கு எனக்கு நினைவில் இருந்தபடியால்தான் இத்தனையும் நடந்தது. வைகாசியில் உப்பளம் மருத்துவமனையின் டாக்டரம்மா அவளை நேர்காணலில் தேர்வு செய்து, ஜூன் முப்பதாம் தேதிக்குள் புதுச்சேரிப் பதிவோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த பெண்ணுக்கு அந்த இடம் போய்விடும் என்று தெளிவாகச் சொன்னார். நிர்மலா அன்று மாலையே பதிவு மாற்றத்துக்கான விண்ணப்பத்தை வாங்கி வந்து, ஒரே பக்கம், ஒரே மூச்சில் நிரப்பி, படிப்புச் சான்றிதழ், தமிழ்நாட்டுப் பதிவு, திருமணப் பதிவு ஆகிய மூன்றையும் இணைத்து, “மாமா, நாளைக்குப் போயி குடுத்துட்டு வந்துடறேன்” என்றாள். அதை அப்படியே விட்டிருந்தால் இக்கடிதத்துக்கே அவசியம் நேர்ந்திராது. ஆனால் நான் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரப் பதிவாளர், அதாவது நொத்தேர், ஒருவரிடம் எழுத்தராகத் தொழில் தொடங்கியவன். பத்திரத்தில் எழுதாமல் விட்டதுதான் பின்னாளில் வழக்காக வரும் என்று அவர் எனக்குக் கற்பித்திருந்தார். “இது சட்ட சம்பந்தமான விஷயம், என்னிடம் கொடு” என்று வாங்கிக்கொண்டேன்.

பதினோரு நாள் உழைத்தேன். திருமணத்துக்கு முன் அவள் கோ. நிர்மலாதேவி, தங்கள் முதலெழுத்து, இப்போது ரா. நிர்மலாதேவி, என் மகன் ராஜாவின் முதலெழுத்து. இதை எவரும் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்காக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்தேன். மேற்படி இரு நிர்மலாதேவிகளும் ஒருவரே அன்றி இருவர் அல்லர் என்றும், மேற்படியாரைத் தவிர வேறு எந்த நிர்மலாதேவிக்கும் இச்சான்றிதழ்களில் யாதொரு பாத்தியதையும் இல்லை என்றும் ஆணையிட்டு, பிற இணைப்புகளையும் சேர்த்து, அறுபத்தொரு பக்கங்களைச் சிவப்பு நாடாவால் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிவு அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கலியபெருமாள் நல்ல மனிதர். விண்ணப்பத்தைப் பார்த்து முத்திரையைக் கையில் எடுத்தும்விட்டார். அப்போதுதான் என் பிரமாணப் பத்திரம் அவர் கண்ணில் பட்டது.

“வேற எந்த நிர்மலாதேவி சார்?” என்றார்.

“வேறு யாரும் இல்லை. அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.”

“இருக்குதுன்னு யாருனா சொன்னாங்களா?”

“இதுவரை இல்லை. பின்னாளில் சொல்லக்கூடும் அல்லவா?”

“இன்னா சார் நீங்க, இல்லாத ஆளுக்கு யாராவது அஞ்சு பக்கம் எழுதுவாங்களா? எங்கியோ ஒண்ணு இருக்குது, அதான் பயப்படறீங்க” என்று முத்திரையை மேசையில் வைத்துவிட்டார். கோப்பு மேலதிகாரிக்குப் போயிற்று. அவரிடமிருந்து ஒரு கடிதம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அதன்பேரில் தங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு மனிதர் வந்தார். அவர் தங்களிடம் கேட்டது சம்பந்தியம்மாவின் காதில் எப்படி விழுந்தது என்பதை, அன்று அவர் நிர்மலாவிடம் தொலைபேசியில் அழுததிலிருந்து அறிந்துகொண்டேன். “உங்கப்பனுக்கு வேற எங்கியோ ஒரு குடும்பம் இருக்குதாம்டி! அதுலயும் ஒரு பொண்ணாம், அதுக்கும் உம்பேரையே வச்சிருக்காராம்! உங்க மாமனாரே முத்திரைத் தாள்ல எழுதிக் குடுத்துட்டாராம்!” மூன்று நாள் தங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றும், தாங்கள் விழுப்புரம் பேருந்து நிலைய ஓட்டலில் சாப்பிட்டீர்கள் என்றும் கேள்விப்பட்டு நான் அடைந்த வேதனையை எழுத்தில் கொண்டுவர இயலாது.

தவறைத் திருத்துவதாக எண்ணி ஜூன் இருபத்தாறாம் தேதி மீண்டும் சென்று, முன்னர் நான் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தை நிபந்தனையின்றித் திரும்பப் பெறுவதாக ஒரு மனு கொடுத்தேன். கலியபெருமாள் அதை இரண்டு முறை படித்தார். “ஒரே ஆளுன்னு சொன்னீங்க. இப்ப அதை வாபஸ் வாங்கறீங்க. அப்ப ரெண்டு ஆளுன்னுதானே சார் ஆவுது?” என்றார். முப்பத்தெட்டு ஆண்டு நீதிமன்றத்தில் நின்ற எனக்கு இப்படியொரு குறுக்கு விசாரணை வாய்த்ததில்லை. அவர் கேட்டதில் பிழையும் இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் பாக்கியலட்சுமி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “ஏங்க, அந்தப் பொண்ணு நம்ம வூட்டுக்கு ஒண்ணாத்தான் வந்துது. மொதல்ல ரெண்டாக்கினீங்க. இப்ப ஒண்ணுகூட இல்லாம பண்ணிட்டீங்க. வேலை போச்சின்னா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிப்பீங்க?” என்றாள். நாட்கள் நான்குதான் மீதமிருந்தன.

நிர்மலா என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். இருபத்தெட்டாம் தேதி காலையில் தலை வாரிக்கொண்டு வந்து நின்றாள். “மாமா, இன்னிக்கு நான் போறேன். நீங்களும் வேணும்னா வாங்க. ஆனா பேனாவ வூட்ல வச்சிட்டு வாங்க.” சட்டைப்பையில் பேனா இல்லாமல் நான் தெருவில் இறங்கியது நாற்பது ஆண்டுகளில் அதுவே முதல்முறை. அலுவலகத்தில் என்னை வெளியே ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். பெஞ்சு ஜன்னலுக்குக் கீழே இருந்தபடியால் பின்வரும் உரையாடலை நான் நேரில் கேட்டேன்.

“அண்ணே, நான்தான் நிர்மலாதேவி.”

“எந்த நிர்மலாதேவிம்மா?”

“ரெண்டும் நான்தாண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், பின்னாடி அவரு இனிஷியல். ஏன், உங்க வூட்டு அண்ணி மாத்தலியா?”

“மாத்துச்சி.”

“அப்ப உங்களுக்கு ரெண்டு சம்சாரமா?”

அந்த அறையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கலியபெருமாளும் சிரித்தார், சற்றுத் தாமதமாக என்றாலும் மனதாரச் சிரித்தார். பிறகு பழைய பதிவிலிருந்த புகைப்படத்தை அவள் முகத்தோடு ஒப்பிட்டார்கள், எதிரிலேயே கையெழுத்துப் போடச் சொல்லிப் பார்த்தார்கள், பழைய விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டுப் புதிய விண்ணப்பம் ஒன்றை அதே மூன்று இணைப்புகளோடு வாங்கிக்கொண்டார்கள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். “அப்ப இந்த அறுபத்தோரு பக்கத்த இன்னாம்மா பண்றது?” என்று அவர் கேட்டதற்கு, “அது மாமா எனக்காக உக்காந்து எழுதுனதுண்ணே. திருப்பிக் குடுத்தா வருத்தப்படுவாரு. எங்கனா ஓரமா வச்சிக்குங்க” என்றாள். இதை மட்டும் நான் கேட்கவில்லை என்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் சான்றிதழ் கைக்கு வந்தது. முப்பதாம் தேதி காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, உப்பளத்தில் மருத்துவமனைக்கு எதிர்ப்புறம் இருந்த தேநீர்க் கடையில் நின்று பார்த்தேன். வெள்ளைக் கோட்டு அணிந்து, ஒரு முதியவரின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தேநீரையும் குடித்துவிட்டு வீடு வந்து, பகல் முழுவதும் தூங்கினேன். மூச்சு வருகிறதா என்று பாக்கியலட்சுமி இருமுறை பார்த்ததாகச் சொல்கிறாள். தங்களுக்கு நான் கொடுத்த வாக்கு, என்னையும் மீறி, நிறைவேறிவிட்டது.

சம்பந்தியம்மாவுக்கு இக்கடிதத்தின் நான்காம் பத்தியை உரக்கப் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை, ஒரே குடும்பம்தான் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். “ஐயோ, ‘எனக்குத் தெரிந்தவரை’ன்னு போடாதீங்க, மறுபடியும் அடுப்ப அணைச்சிடுவாங்க!” என்று பாக்கியலட்சுமி சொன்னதால் அவ்விரு சொற்களையும் அடித்து, அடித்தலுக்குச் சுருக்கொப்பமும் இட்டிருக்கிறேன். தலை ஆடிக்கு மகளை அழைத்துப் போக வரும்போது இருவரும் சேர்ந்தே வாருங்கள். தங்கள் குடும்பம் நீண்ட ஆயுளோடும் நிறைந்த வாழ்வோடும் விளங்க வேண்டுகிறேன். பதிவு மாற்றம் குறித்த இவ்விஷயம் இத்துடன் முற்றுப்பெற்றது.

பின்குறிப்பு: மேற்கண்ட கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டரம்மா தொலைபேசியில் பேசினார். நிர்மலாவின் வேலை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். ஆவணியில் தொடங்கும் கிளை மருத்துவமனைக்கு அவளையே பொறுப்பாளராக நியமிக்கிறாராம், சம்பளமும் கூடுதல். கிளை கோட்டக்குப்பத்தில். அதாவது முத்தியால்பேட்டையைத் தாண்டியதும், இங்கிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஆனால் அது தமிழ்நாடு. பதிவை மீண்டும் அங்கேயே மாற்ற வேண்டுமாம். பிறகு தொலைபேசியை நிர்மலாவிடம் கொடுத்தார், அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆடிக்கு அங்கு வரும்போது தானே போய் முடித்துக்கொள்வதாகச் சொல்கிறாள். முடித்துவிடுவாள், எனக்குச் சந்தேகமில்லை. தாங்கள் துணைக்குப் போனால், அவளுக்குச் சட்டம் படித்த மாமனார் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் அங்கு எவரிடமும் சொல்லிவிட வேண்டாம்.

இங்ஙனம், பின்குறிப்புக்கும் சேர்த்து,
(ஒப்பம்) அ. கமலக்கண்ணன்

சாட்சிகள்:
1. க. பாக்கியலட்சுமி
2. ரா. நிர்மலாதேவி (வேலைக்குப் போயிருப்பதால் கையெழுத்துப் பெற இயலவில்லை)