பெரியவருக்குள் ஒரு குழந்தை இருக்கை

சனிக்கிழமை காலை பத்தே கால் மணி. கடையில், காரில் பொருத்தும் குழந்தை இருக்கைகள் இருபத்தேழு. வாசலில் என் கார். பெயர் பெரியவர், வயது இருபத்திரண்டு.

இருபத்தேழில் இருபத்தாறை நிராகரிப்பது என்ற தீர்மானத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். குழந்தை பிறக்க இன்னும் ஐந்து வாரம். பிறந்தால் மூன்று கிலோ இருக்கும். அந்த மூன்று கிலோவை வைக்க, எங்கள் மேலாளரின் நாற்காலியைவிடப் பெரிய சமாச்சாரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று சுழன்றது. ஒன்று பாடியது. ஒன்றில் கோப்பை வைக்க இரண்டு குழிகள். பிறந்த குழந்தை காபியா குடிக்கப் போகிறது? அதுவும் இரண்டு கோப்பை?

"ஏங்க, இது நல்லா இருக்குல்ல?" மனைவி காட்டியது சுழல்வதை.

"இது இருக்கையா, ராட்டினமா?"

"கதவுப் பக்கம் திருப்பிக் குழந்தையைத் தூக்கலாமாம். குனிய வேண்டாமாம்."

"எங்கப்பா என்னைக் குனிஞ்சுதான் தூக்கினார்."

"அவர் உங்களைத் தூக்கினதே இல்லைன்னு அத்தை சொன்னாங்களே."

விற்பனைப் பெண் இடையில் புகுந்தாள். "அடியில ஒரு தளம் வரும் சார். கார்ல இருக்கற கொக்கியில டக்குனு மாட்டிக்கலாம்."

"டக்கு எல்லாம் வேண்டாம்மா. கார் பெல்ட்டைப் போட்டு இறுக்கற மாதிரி, சாதாரணமா ஒண்ணு எடுங்க."

கீழ்த்தட்டிலிருந்து ஒன்று வந்தது. சாம்பல் நிறம். ஒரு கைப்பிடி, குழந்தையைக் கட்ட வார்கள், அவ்வளவுதான். பாடவில்லை. சுழலவில்லை. விலை, ராட்டினத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு.

"பாதுகாப்பு எப்படி?"

"இங்கே இருக்கற எல்லாமே ஒரே சோதனையில தேறினதுதான் சார். கூட வாங்கற காசு வசதிக்கு."

"கேட்டியா? வசதிக்காம்!"

மனைவியின் முகம் வாடியது. "நமக்கு முதல் குழந்தைங்க."

விடுவேனா? கால் மணி நேரம் பேசினேன். எளிமை பற்றி, ஆடம்பரம் பற்றி, பெற்றோரின் பயத்தைக் காசாக்கும் உலகம் பற்றி. பால்புட்டி வாங்க வந்த இருவர் நின்று கேட்டார்கள். கடைசியில் மனைவி பெருமூச்சு விட்டாள்.

"சரிங்க. உங்க இஷ்டம்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் கேட்டிராத வாக்கியம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பணத்தைக் கட்டினேன்.

இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் சம்பளம் அவள் கையில். ரிமோட் அவள் கையில். கட்டிலில் ஜன்னல் பக்கம் அவளுக்கு. எனக்கென்று மிஞ்சியது பெரியவரின் ஸ்டியரிங் ஒன்றுதான். அவள் லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆகிறது. சாவி கேட்கும்போதெல்லாம் கிளட்ச்சின் குணத்தை விளக்கிக் கூறி, கொடுக்காமல் காத்து வந்தேன். அது கோபக்காரக் கிளட்ச், புது ஆள் கால் பட்டால் தாங்காது என்பேன்.

இருக்கையைப் பொருத்த விற்பனைப் பெண்ணே வாசலுக்கு வந்தாள்.

"பின்சீட்ல, குழந்தை முகம் பின்பக்கம் பார்க்கற மாதிரி வைக்கணும் சார். டிரைவருக்குப் பின்னால வேண்டாம், அந்தப் பக்கம் வைக்கலாம். அந்தப் பக்கத்து பெல்ட் எங்கே?"

அது கதவில் மாட்டி நைந்து மூன்று வருஷம் ஆகிறது. மாற்றச் சொல்லி மனைவி சொன்னாள். பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று அதை அறுத்தெடுத்து, பூட்டு உடைந்த பெட்டியைக் கட்ட வைத்துக்கொண்டேன். நல்ல உறுதியான பெல்ட். பெட்டி இன்றுவரை திறந்துகொண்டதில்லை.

"நடுவுல?"

"நடுவுல பெல்ட்டே கிடையாதும்மா."

"அப்போ டிரைவருக்குப் பின்னாலதான். சார், முன்சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். இன்னும்."

சாம்பல் நிற எளிமை கச்சிதமாகப் பொருந்தியது. நான் பொருந்தவில்லை. ஆறடி ஆளின் முட்டி இரண்டும் ஸ்டியரிங்கின் இரு பக்கமும் காதுபோல நின்றன. மனைவி ஐந்தடி. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"இந்த மாடலுக்கு பெல்ட் வர்றது நின்னு எட்டு வருஷமாச்சு சார். மேடம்கிட்ட சொன்னேனே."

"எந்த மேடம்?"

"உங்க வீட்டு மேடம்தான். போன மாசம் வந்து கேட்டாங்க. பின்சீட்டை டேப் வெச்சு அளந்துட்டும் போனாங்க."

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சும் அந்த ராட்டினத்தை எதுக்குடி கேட்டே?"

"அதை மாட்டக் கொக்கி வேணும். பெரியவருக்குக் கொக்கியே கிடையாது."

"அதான் கேக்கறேன், எதுக்குக் கேட்டே?"

"நான் எளிமையானது போதும்னு சொல்லியிருந்தா, நீங்க ராட்டினத்தை வாங்கிட்டு வந்திருப்பீங்க."

இது அபாண்டம்.

"பாரு, முட்டியை மடக்கியாவது நான்தான் ஓட்டுவேன்!"

"ஓட்டுங்க. யாரு வேண்டாம்னா?"

ஆஸ்பத்திரியிலிருந்து மகளை நான்தான் அழைத்து வந்தேன். பெரியவரின் ஹாரன் ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு கியருக்கும் ஒரு முட்டி அதன்மேல் ஏறியது. ஒவ்வொரு ஹாரனுக்கும் மகள் வீறிட்டாள். முன்னால் போன லாரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். வழிவிட்டும் நான் அடித்ததால் இறங்கி வந்தார்.

"வழி விட்டேன்ல? இன்னும் என்னய்யா வேணும் உனக்கு?"

"நான் அடிக்கலைங்க. முட்டி அடிக்குது."

அவர் என் முட்டியைப் பார்த்தார். பின்சீட்டில் அழுகிற குழந்தையைப் பார்த்தார். பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். "பாவம்மா நீங்க" என்றார். அவளைப் பார்த்து! முட்டி வலி எனக்கு, பாவம் அவளா?

ஆறாவது வாரம், தடுப்பூசி நாள். இனிமேல் கார் ஓட்டலாம் என்று டாக்டர் தன்னிடம் சொல்லிவிட்டதாக மனைவி சொன்னாள். சாவிக்குக் கையை நீட்டினாள். நான் மகளைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவள் உதடு பிதுங்கியது. சாவியை மனைவி கையில் வைத்தேன்.

நான் பின்சீட்டில், பெல்ட் இல்லாத பக்கம் உட்காரப் போனேன்.

"அங்கே பெல்ட் கிடையாது. முன்னால வந்து உட்காருங்க," என்றாள் ஓட்டுநர்.

போனோம். ஹாரன் ஒலிக்கவில்லை. கிளட்ச் முனகவில்லை, துரோகி. மகள் போகும்போதும் தூங்கினாள், ஊசி போட்டுத் திரும்பும்போதும் தூங்கினாள்.

அக்டோபர் ஆறாம் தேதி மனைவியின் பிரசவ விடுப்பு முடிந்தது. அன்று முதல் காரும் மகளும் அவளோடு அலுவலகத்துக்கும் அதன் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கும் போகத் தொடங்கினார்கள். அக்டோபர் ஏழாம் தேதி நான் மாதாந்திர பஸ் பாஸ் எடுத்தேன்.