கூலிங் அண்ணன் குளிரவைத்த லாரி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு காலத்தில் சூடாக இருக்க யாருக்கும் உரிமை கிடையாது. டீக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதையும் ஆறவைத்து, ஆடை படிந்த பிறகுதான் அவர் குடிப்பார். அவர் என்றால் கூலிங் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய ரேஷன் கார்டை நானே எத்தனையோ தடவை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். பெயரைப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

தொழில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். என்னுடைய ஜெராக்ஸ், டைப்பிங் கடைக்கு அடுத்த கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப்பையில் அவர் நீளமான ஒயர் வைத்த ஒரு தெர்மாமீட்டரைச் செருகியிருப்பார். ஆளைப் பார்த்தால் வணக்கம் கிடையாது. நேராக வந்து புறங்கையை நெற்றியில் வைப்பார். "சூடு ஏறிக்கீது. மோர் குடி" என்பார். பெண்களானால் கையை நெற்றிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்வார், மரியாதை தெரிந்த மனிதர். தீர்ப்பு மட்டும் மாறாது. மோர்க்கடைக்காரர் இவருக்குக் கமிஷன் கொடுக்கிறார் என்று ஊரில் பேச்சு இருந்தது. சுத்தப் பொய். மோர்க்கடைக்காரரையே மோர் குடிக்கச் சொன்னவர் அவர்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துத் தள்ளி வைப்பார். "காத்து போவ எடம் வுடுங்கம்மா. செவுத்துல சாத்தி வெச்சா அது எப்டி மூச்சு வுடும்?" என்று கேட்பார். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குத்தான் கூப்பிட்டார்களா என்பது முக்கியமில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இதைச் செய்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பிறகு எதுவுமே அமையவில்லை.

திருப்புலிவனத்தில் ஒரு சாவு. மகன் துபாயிலிருந்து வரவேண்டும் என்று பெரியவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கூலிங் அண்ணன் மாலை போட்டார், கும்பிட்டார், தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டிக்குள் ஒயரை விட்டார்.

"பதினாறு டிகிரி கீது. இப்டியே வுட்டா இவுரு புள்ள வர்ற வரிக்கும் தாங்க மாட்டாரு."

ஒப்பாரி நின்றுபோனது. அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். உள்ளேயிருந்து ஒரு கூடை தூசி வந்தது. எழுந்து மறுபடி டிகிரி பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, "இப்ப அழுங்க" என்றார். சிரிக்கக் கூடாத இடம், நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பெரியவரின் மனைவி எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "உசுரோட இருந்தவரிக்கும் வெயில்லயே கெடந்தாருப்பா. நீ நல்லாருப்ப" என்றார். கூலிங் அண்ணன் அந்தம்மாவையும் மோர் குடிக்கச் சொன்னார்.

சூட்டோடு அவருக்கு இருந்த பகைக்கு ஒரு காரணம் உண்டு. அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரையும் ஊர் தொழிலை வைத்துத்தான் அழைத்தது, டிரைவர். நெல் மூட்டை, அரிசி மூட்டை ஏற்றிப்போகும் லாரி. தம்பி அதே வண்டியில் கிளீனர். கேபினுக்குள் எஞ்சின் சூடு தாங்காமல் தம்பி ஒருநாள் இறங்கி, காஞ்சிபுரத்தில் ஃபிரிட்ஜ் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே செய்யாறு ரோட்டு வளைவில் லோடோடு வண்டி கவிழ்ந்தது. டிரைவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "லோடு எறங்கிச்சா?" என்பதுதான். யாரும் பதில் சொல்லவில்லை.

இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் கூலிங் அண்ணனின் குரல் இறங்கிவிடும். "நா கூட இருந்திருந்தா வளைவுல எறங்கி வயி பாத்திருப்பேன் தங்கச்சி. சூடு தாங்கலனு ஓடியாந்துட்டேன்."

டிரைவர் காவாந்தண்டலத்து வீட்டில் இரும்புக் கட்டிலில் படுத்து, ஜன்னல் வழியே ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியையும் திட்டிக்கொண்டிருந்தார். "கியர மாத்துடா சோம்பேறி!" என்று அவர் கத்தினால் நிஜமாகவே சிலர் மாற்றிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் பக்கத்து பிரவுசிங் சென்டரில் யாரோ கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். லோடு ஏற்ற வேண்டும், ஊர் ஊராக ஓட்ட வேண்டும், போய் இறக்க வேண்டும். கூலிங் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து என் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கண்ணனுக்கு ஒரு லோடாச்சும் எறக்கிக் காட்டணும் தங்கச்சி" என்றார்.

படுத்திருக்கிறவர் மடிமேல் டெஸ்க்டாப்பை வைக்க முடியாது, லேப்டாப்தான் வேண்டும். யாரிடமோ இரவல் வாங்கிய சாதாரண லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். படம் விட்டுவிட்டு ஓடியது. டிரைவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "ஒதறுது. கிளட்ச் பிளேட்டு காலி. இத்த எட்த்துனு போ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

ஆகவே கம்ப்யூட்டர் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். இங்கிலீஷ் படிக்க நான் தேவையாம். விளையாட்டுக்கென்றே செய்த பெரிய லேப்டாப் ஒன்றின் வெறும் ஓடு கிடைத்தது. அம்மிக்கல் கனம். உள்ளே பிராசசர் இல்லை, ராம் இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை. ஒவ்வொன்றையும் கூலிங் அண்ணன் மாப்பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தார். கடைக்காரர் இருப்பதிலேயே வேகமான பிராசசரை எடுத்துவைத்தார்.

"இது எத்தினி வாட்டு துன்னும்?"

"அதெல்லாம் எதுக்கு சார்? டாப் ஸ்பீடு இது."

"ஸ்பீடு கெடக்கட்டும். எத்தினி துன்னும்னு கேட்டேன்."

கடைசியில் அதைவிட வேகம் குறைந்த, மின்சாரம் குறைவாக இழுக்கிற ஒன்றைத்தான் எடுத்தார். "இவன் கம்மியா துன்றவன். சூடாவ மாட்டான். மெதுவா பயக்கி நாம ஸ்பீடு ஏத்திக்கலாம்" என்று எனக்கு விளக்கினார். கிராஃபிக்ஸ் கார்டை ஓடவிட்டு, கழற்றியதும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கார்டு அவர் கன்னத்தைச் சுட்டுவிட்டது. அதற்காகக் கடைக்காரரைத் திட்டிய திட்டு அந்தத் தெருவுக்கே புதுசு.

அப்புறம் ஆரம்பித்தது ஸ்பீடு ஏற்றுகிற வைபவம். தன் கடையில் ஒரு பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டைக் குறுக்கே கட்டி, அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். சாஃப்ட்வேரில் பிராசசரின் வேகத்தை ஒரு துளி ஏற்றுவார். காய்ச்சல்காரருக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்திருப்பார். தாங்கினால் இன்னொரு துளி ஏற்றுவார். திரை உறைந்துபோனால் இரண்டு துளி இறக்குவார். அந்த நாட்களில் என்னோடு பெரிய சண்டை.

"உன் ஜெராக்ஸ் மிஷினு செவுத்த சூடாக்குது தங்கச்சி. கொஞ்சம் நிறுத்து."

"நான் நிறுத்தினா என் வயிறு கூலிங்கா ஆயிடும்ணா, பரவாயில்லையா?"

யோசித்துவிட்டு, மிஷினையாவது எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன்.

பிராசசருக்கும் அதன்மேல் உட்காரும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவுகிற பசைக்குப் பதிலாகச் சந்தனம் தடவலாம் என்று ஊரில் யோசனை சொன்னார்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்றால் இதற்கும் குளிர்ச்சிதானே! செத்துப்போன ஒரு பழைய போர்டில் தடவிப் பார்த்தார். காய்ந்து வெடித்து, கடை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. பேசாமல் சென்னைக்குப் போய் நிஜப் பசையை வாங்கிவந்தார். ஐஸ் வைக்கலாம் என்று சொன்னவரை மட்டும் கடையை விட்டே விரட்டினார். ஐஸ் வைத்தால் உள்ளே தண்ணீர் முத்துக்கட்டும், முத்துக்கட்டினால் போர்டு போய்விடும் என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார்.

கம்பித் தட்டின்மேல் வண்டி பிரமாதமாக ஓடியது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடினாலும் சூடு எழுபதைத் தாண்டவில்லை. காவாந்தண்டலத்துக்கு எடுத்துப்போனோம். டிரைவரின் மடிமேல் ஒரு தலையணை, அதன்மேல் லேப்டாப். அவர் அம்புக்குறிப் பட்டன்களில் விரலை வைத்ததும் முகமே மாறிவிட்டது.

"இன்னாடா எல்லாம் ராங் சைடுல வர்றானுங்க?"

"அந்த ஊர்ல வலது பக்கம்தான்ணா ஓட்டணும்" என்றேன்.

"அப்ப ஊரே ராங்குல போவுதா ஜெராக்ஸம்மா? போலீசு இன்னா புடுங்கிக்கினு கீறான்?"

பாதி வழி போனார். திரை அணைந்தது. சூடு நூறைத் தொட்டிருந்தது. டிரைவர் கையை எடுக்காமல் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடுரோட்ல நிக்குதுடா. லோடோட நிக்குது" என்றார். கூலிங் அண்ணன் லேப்டாப்பைப் பையில் வைத்தார்.

கடைக்குக் கொண்டுவந்தால் ஒழுங்காக ஓடுகிறது. வீட்டுக்குப் போனால் நடுவழியில் சாகிறது. மறுபடி பசை மாற்றினார். வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் வைக்கோல் பரப்பினார். அண்ணனுக்குச் சூட்டு உடம்பு, தொடைச் சூடு ஏறுகிறது என்று சொல்லி வாரக்கணக்கில் அவருக்கு மோராக ஊற்றினார். பிரயோசனமில்லை. கடைசியாக, கழித்துப்போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து சின்ன ஃபேன் ஒன்றைக் கழற்றிவந்து லேப்டாப்பின் பக்கவாட்டில் கட்டினார். அது எங்கே இருந்தது என்பதை, உளறக் கூடாத இடத்தில் உளறியும்விட்டார்.

டிரைவர் கொதித்துப்போனார். "பொணப்பொட்டி ஃபேனா? நா இன்னும் சாவலடா! கயட்றா அத்த!"

"நல்ல ஃபேன்ணா, காத்து நல்லா..."

"கயட்றான்னு சொல்றேன்!"

கழற்றினார். அன்றைக்குத் திரும்பி வரும்போது, "என்னால ஆவல தங்கச்சி. ஊருக்கெல்லாம் குளுர வெக்கிறேன், எங்கண்ணன் வண்டி மட்டும் கொதிக்குது" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவரே ஆள் அனுப்பினார். போனோம். முகம் தெளிவாக இருந்தது.

"ஏன் வண்டி நிக்குதுனு கண்டுபுட்ச்சிட்டேன். பூசை போட்டியா?"

"இல்லண்ணா."

"எலுமிச்சம்பயம் வெச்சியா?"

"இல்லண்ணா."

"பயம் வெக்காம எவன்டா புது வண்டி எடுப்பான்? நீயெல்லாம் எனுக்குக் கிளீனரா இருந்தவன்!"

அண்ணி, டிரைவரின் மனைவி, கொல்லை மரத்திலிருந்து நாலு பழம் பறித்துவந்தார். தலையணைமேல் வைத்தால் பழங்கள் புதைந்தன, உருண்டன. "ரோடு சரியில்ல, பலக கொண்டா" என்றார் டிரைவர். கொல்லையில் கிடந்த நீளப் பலகையைக் கழுவித் துடைத்துக் கட்டிலின் குறுக்கே போட்டார்கள். நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழம், அதன்மேல் லேப்டாப். கற்பூரம் சுற்றினார் அண்ணி. "வண்டி நவுந்தா பயம் நசுங்கணுமே" என்று டிரைவர் கவலைப்பட்டார்.

"வண்டி எங்க நவுருது? குந்துன எடத்துலயேதான கீது" என்றார் அண்ணி. டிரைவர் அவரை முறைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கூலிங் அண்ணன் தெர்மாமீட்டர் ஒயரைக் காற்று வெளியேறும் ஓட்டையில் பிடித்தபடி நின்றார். அறுபது. அறுபத்தைந்து. எழுபது. வழக்கமாகச் சாகிற இடத்தை வண்டி தாண்டியது. எழுபதிலேயே நின்றது. கூலிங் அண்ணன் மெதுவாகக் குனிந்து, பலகைக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருந்த எலுமிச்சம்பழ உயர இடைவெளியைப் பார்த்தார். லேப்டாப் காற்றை இழுக்கிற சல்லடை அடிப்பக்கம்தான் இருந்தது. கடையில் கம்பித் தட்டு, அடியில் காற்று வந்தது. இங்கே தலையணை, அத்தனை நாளும் அதன் மூக்கைப் பொத்தியிருந்தது. ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜையெல்லாம் சுவரிலிருந்து இழுத்துவைத்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒன்றும் கேலி செய்யவில்லை. செய்யவும் முடியாது.

சாயங்காலம் வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. இனி ரிவர்ஸில் போய் இறக்குமிடத்தில் நிறுத்த வேண்டும். டிரைவர் முன்னே போனார், பின்னே வந்தார், இடித்தார். வியர்த்தது. "பின்னால இன்னா கீதுனே தெர்லயேடா" என்றார். அது கோபமில்லை, பயம். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

கூலிங் அண்ணன் எழுந்தார். திரைக்கு நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து, இரும்புக் கம்பியைக் கையால் தட்டினார்.

"வரலாம் வரலாம்... ரைட்ல ஒடி... வரலாம் வா வா வா... கொஞ்சம் லெஃப்ட்டு... வா... வா... ஓல்டான்!"

டிரைவர் நிறுத்தினார். திரையில் இங்கிலீஷில் என்னவோ வந்தது.

"இன்னா போட்டுக்கீது? லோடு எறங்கிச்சா?"

"இறங்கிடுச்சுண்ணா" என்றேன்.

"நீ இரும்மா. அவன் சொல்லட்டும்."

"எறங்கிச்சுண்ணா" என்றார் கூலிங் அண்ணன்.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தார். கண்ணைத் திறக்காமலே, "நாளிக்கும் வந்துடு. கிளீனர் இல்லாம நா வண்டி எடுக்க மாட்டேன்" என்றார்.

கூலிங் அண்ணன் சரேலென்று வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். வாசல் வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. ஊருக்கெல்லாம் கை வைத்துப் பார்த்த மனிதருக்கு யாரும் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. சுற்றிப்போய் எதிரே நின்று, என் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தேன்.

"சூடு ஏறிக்கீதுண்ணா, மோர் குடிங்க" என்றேன். பின்னாலேயே வந்த அண்ணி நீட்டிய மோர்ச் சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.