சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் விழுந்த கோல்

கடவுள் கிருபை முன்நிற்க.

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் நலம். மற்றதைப் பொறுத்தவரைதான் இந்தக் கடிதம். வரவு செலவு எழுதிப் பழகிய கை என்பதால், யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். நம் அணி கால்பந்து ஆடிய அந்தச் சனிக்கிழமை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள்: உன் அத்தான், சாய்வு நாற்காலியில், மருந்துக்கடைக்காரர், சோபாவின் நல்ல பக்கத்தில், தையல்காரர், ஸ்பிரிங் குத்துகிற பக்கத்தில், என் மகள், தரையில், மூடிய பரீட்சைப் புத்தகத்தோடு. சமையலறையில் நான். சுவருக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய பாதி வீட்டில், உன் அத்தானின் அண்ணனும் என் ஓரகத்தியும். அந்தச் சுவரையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள். நடந்ததில் பாதி அதனுடைய வேலை.

முன்பு இரண்டு பாதி வீட்டுக்கும் ஒரே கேபிள்தான் என்பது உனக்குத் தெரியும். ஒரு பெனால்டி நேரத்தில் படம் போய்விட்டது என்று உன் அத்தான் கேபிளைத் திட்ட, அந்த கேபிளை இழுத்துக்கொண்டு வந்த அண்ணன் தன்னையே திட்டியதாக எடுத்துக்கொள்ள, உன் அத்தான் போய் ஒயரை வெட்ட, நீ வந்து மொட்டை மாடியில் டிஷ் மாட்டிக் கொடுத்தாய். "அக்கா, கண்ணாடி மாதிரி இருக்கும் பாரு"ன்னு சொன்னாய். கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. புல்லைக்கூட எண்ணலாம். ஆனால் அன்றோடு அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நிற்காதது ஒன்றுதான். நான் படித்துப் பழகட்டும் என்று, இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அந்த அண்ணன், எங்கள் பெரியவர், பேப்பரைப் படித்து முடித்ததும் நடுச்சுவரில் அடுப்புக்கு மேலே இருக்கிற ஜன்னல் ஓட்டை வழியாக எங்கள் சமையலறைக்குள் தள்ளிவிடுவார். சண்டைக்குப் பிறகும் பேப்பர் வந்தது, மடிப்புகூட மாறவில்லை.

அந்த ஓட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்று நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து பெரியவர் ஒரு கத்தல் கத்தினார் பார், மனுஷன் வழுக்கி விழுந்துவிட்டார் என்றே நினைத்து, "கடவுளே, கடவுளே" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தேன். நான் வந்து நிற்கவும் எங்கள் டிவியில் பந்து வலைக்குள் போகவும் சரியாக இருந்தது. எல்லோரும் துள்ளினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு கத்தல், மறுபடி நான் ஓடி வந்தேன், மறுபடி கோல். மருந்துக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "சார், வீட்டம்மா வாயில கடவுள் பேர் வந்தா பந்து உள்ள போகுது சார்!" தையல்காரர் சும்மா இருப்பாரா, "போன மேட்ச்லயும் இதேதான். நான் அன்னைக்கே சொன்னேன், ஏழை சொன்னா யார் கேக்கறீங்க?" என்றார். மகள் மட்டும், "அம்மா, என் கணக்குப் பரீட்சை அன்னைக்கும் இப்படி ஒரு தடவ ஓடி வாயேன்" என்றாள்.

அடுத்த ஆட்டத்துக்கு என்னை மரியாதையாகக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உன் அத்தான், "நீ எழுந்திருக்காத, வேண்டிக்கிட்டே இரு, டீ நான் போடறேன்" என்றார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் டீத்தூள் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டார், சர்க்கரை எது உப்பு எது என்பது இன்னும் தெரியவில்லை. நான் அந்த டீயைக் குடித்துவிட்டு உண்மையாகவே வேண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை, எதிரணிதான் ஒரு கோல் போட்டது. உடனே மூவரும் கூடிப் பேசி, "சக்தி கூடத்துல இல்ல, கிச்சன்லதான் இருக்கு" என்று முடிவு செய்து, நாற்காலியோடு என்னை அடுப்படிக்கு மாற்றினார்கள். அங்கே போன பிறகு, எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்த நேரம் பார்த்து டிவியில் படம் உறைந்துபோயிற்று. உன் அத்தான் மாடிக்கு ஓடினால், நான் காயப்போட்ட ஈரப் போர்வை கொடியிலிருந்து கழன்று உன் டிஷ்ஷின் முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறது. அவர் போர்வையோடு போராடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் பெரியவர் கத்தினார். நான் வழக்கம்போல "கடவுளே" என்றேன். படம் திரும்பி வந்தபோது நம் கணக்கில் ஒரு கோல் ஏறியிருந்தது. கூடத்தில் என்னைப் பார்த்து இரண்டு பேர் கைகூப்பினார்கள். எனக்கோ அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெரியவர் விழவும் இல்லை வழுக்கவும் இல்லை, அவர் கேபிளில் கோல் முதலில் வருகிறது. நம் டிஷ்ஷில் அதே கோல், ஒரு முறை "கடவுளே காப்பாற்று" சொல்லி முடிக்கிற நேரம் கழித்துத்தான் வருகிறது.

அப்போதே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தம்பி, கடவுள் செய்ததாக மூன்று பேர் நம்புவதை, இல்லை, கேபிள்காரர் செய்தார் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? உப்போ சர்க்கரையோ, கைக்கு டீயும் வந்துகொண்டிருந்தது.

சொல்லாமல் இருந்ததன் பலன் நேற்று தெரிந்தது. மாடியில் துணி எடுக்கும்போது ஓரகத்தி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உன் வீட்டுக்காரர் செய்யறது நல்லாவா இருக்கு? எங்க வீட்டுக்காரர் கோல்னு கத்தினா, ஒரு மூச்சு விட்டுட்டு அதே மாதிரி கத்திக் காட்டறாரு. இவர் அய்யோன்னா அவரும் அய்யோங்கறாரு. வயசான மனுஷன இப்படியா சுவத்துக்குப் பின்னால நின்னு கேலி பண்றது? நேத்து இவர் தும்மினாரு, அதுக்குமா?"

"அக்கா, அது அவருக்கே வந்த தும்மல்க்கா."

"என்னவோ போ. ஃபைனல் முடிஞ்சதும் பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னுட்டாரு. இந்தப் பாதிய வாடகைக்கு விடப் போறாராம். பெட்டியக்கூடப் பரண்லேர்ந்து இறக்கியாச்சு."

மீதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். கூடப் பிறந்தவர்கள் இருவரும் ஒரு நாள்கூடத் தனித்தனிக் கூரையின் கீழ் தூங்கியதில்லை. இப்போது ஒருவர் கேலி என்று நினைத்து வெளியேறுகிறார், மற்றவர் என் பிரார்த்தனை என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறார். இன்று காலையும் பேப்பர் வந்தது. நாளைக்கு அந்த ஓட்டை வழியாக யாரோ ஒரு வாடகைக்காரரின் தாளிப்பு வாசனைதான் வரும் என்று நினைத்தால் என்னால் தலைப்புச் செய்தியைக்கூடப் படிக்க முடியவில்லை.

அதனால் நீ ஒரு உதவி செய்ய வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவன் நீ. நீயாகவே எழுதுவது போல உன் அத்தானுக்கு ஒரு கடிதம் எழுது. டிஷ்ஷுக்கு வரும் படம் ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது, அதனால் தாமதம், கேபிள் முந்திக்கொள்ளும், இதை உங்கள் அண்ணனிடமும் சொல்லுங்கள் என்று, ஏதோ பொது அறிவு போல எழுது. என் பேரும் வேண்டாம், கடவுள் பேரும் வேண்டாம். அவரே அண்ணனிடம் போகட்டும்.

உன் வீட்டில் நிம்மதியும், உன் கைபட்ட எந்த டிஷ்ஷிலும் தெளிவும் நிலைக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் அன்பு.

உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. அன்று உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அத்தான் இந்தக் கடிதம் முழுவதையும் நின்றுகொண்டே படித்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், "அண்ணன் போறேன்னாரா?" என்று மட்டும் கேட்டார். ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் என் செருப்புமாகக் கடிதத்தோடு பக்கத்து வாசலுக்குப் போனார். நான் அடுப்படியில் நின்றேன். பெரியவர் சத்தமாகப் படிப்பது கேட்டது. தும்மல் வந்த இடத்தில் ஒரு சிரிப்பு, கூடவே இன்னொரு சிரிப்பு. இந்த முறை எது முந்தியது, எது பிந்தியது என்று எனக்கே தெரியவில்லை. பெட்டி மறுபடி பரணுக்குப் போயிற்று. கடிதம் இன்றுதான் என் கைக்குத் திரும்பியது. இன்று ஃபைனல், எல்லோரும் பெரியவர் கூடத்தில், ஒரே கேபிளில் பார்த்தோம். ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் சமம். நான் மூலையில் கண்ணை மூடி, "கடவுளே, ஒன்றே ஒன்று, இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கத்தட்டும்" என்று மனசாரக் கேட்டேன். எந்தச் சுவருக்கு அப்பாலும் ஒரு சத்தம் இல்லை. நான் கண்ணைத் திறந்தேன், கோல்! இருவரும் சேர்ந்து கத்தினார்கள்தான். கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "உண்மையச் சொல்லும்மா, எந்த வீட்லேர்ந்து சத்தம் வந்துச்சு?" என்றார் பெரியவர். "நிஜமாவே வேண்டிக்கிட்டேங்க" என்றேன். "வேண்டுதல் இல்ல, முன்னாடி வந்த சத்தம்னு நீதான் லெட்டர்லயே எழுதிட்டியே" என்று சொல்லிக்கொண்டே உன் அத்தான் ஸ்டூல் மேல் ஏறி அந்தப் பேப்பர் ஓட்டையில் காதை வைத்தார். தையல்காரர் கடைசி வீட்டில் புதிதாக ஏதோ மாட்டியிருப்பதாகச் சத்தியம் செய்கிறார். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்க்கத் தெருவில் இறங்கிப் போனவர் இன்னும் திரும்பவில்லை. டீ மறுபடி நான்தான் போடுகிறேன். ஆகவே முன்னால் கேட்ட கடிதம் வேண்டாம். கேபிளுக்கும் முந்தி எதுவும் வராது என்று இவர்களுக்கு ஒரு வரி எழுதிப் போடு. அப்படி ஏதாவது வரும் என்றால் அதை எனக்கு மட்டும் எழுது. எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.