அட்வான்ஸும் நாலு சாமிகளும்

"முதலாளி, அந்த வெள்ளை வேனுக்குக் குடுத்த அட்வான்ஸ் விஷயமா..." என்று சியூலான் அக்கா ஆரம்பித்ததுமே, லியாவ் ஜின்ஃபா பாய்ந்துபோய் அவள் கையில் ஒரு கோப்பைத் தேநீரைத் திணித்தார்.

"முதல்ல டீ. பேச்சு அப்புறம்."

"இல்ல முதலாளி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அன்னாசி கேக் எடுத்துக்குங்க அக்கா. எடுத்துக்குங்க. ஒண்ணு என்ன, ரெண்டா எடுத்துக்குங்க."

லியாவ் இந்தத் தைனான் நகரத்தில் இருபது வருஷமாகப் பழைய கார் விற்கிறவர். அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். அட்வான்ஸ் கொடுத்தவர் வாயிலிருந்து 'திருப்பி' என்கிற சொல் வெளியே வரவே கூடாது. வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் பேரம் பிறக்கும், பேரம் பிறந்தால் பாதிப் பணமாவது போய்விடும். அதற்காகவே மேஜைமேல் எப்போதும் சூடான தேநீரும், பல்லில் ஒட்டிக்கொள்கிற பலகாரமும் தயாராக இருக்கும்.

மற்ற நாளாக இருந்தால் பாதிப் பணத்தோடு தொலையட்டும் என்று விட்டிருப்பார். இப்போது பாதியும் இல்லை, காலும் இல்லை. மகன் போவென்னுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. பெண் வீட்டார் உறவுக்கெல்லாம் கொடுக்கிற கேக் பெட்டிகளை மாப்பிள்ளை வீட்டார்தான் வாங்கித் தர வேண்டும். சம்பந்தியம்மாள் நூற்றிருபது பெட்டி கேட்டிருந்தாள். சியூலான் அக்கா கொடுத்த இருபதாயிரம் யுவானும் வந்த சூட்டோடு கேக் கடைக்கு அட்வான்ஸாகப் போய்விட்டது. அதோடு அடுத்த வாரம் பேய் மாதம் பிறக்கிறது. செத்தவர்களெல்லாம் ஊர்வலம் வருகிற அந்த மாதத்தில் ஒரு சைக்கிளைக்கூட எவனும் வாங்கமாட்டான்.

சியூலான் அக்கா கேக்கை ஒருவழியாக விழுங்கினாள். பால்கெண்டை மீன் சூப்புக் கடை வைத்திருப்பவள். கண்கள் லேசாகச் சிவந்திருந்தன.

"நேத்து எங்க தெருக் கோயில்ல சாமிகிட்டக் கேட்டேன் முதலாளி. குறி கேக்கற கட்டையைப் போட்டேன். வேணாம்னுட்டாரு. மூணு தடவையும் வேணாம்னுட்டாரு."

நீட்டிய கேக் தட்டை லியாவ் மேஜைமேல் வைத்தார். வங்கிக்காரன் மாட்டேன் என்றால் வேறு வங்கிக்குப் போகலாம். புருஷன் மாட்டேன் என்றால் மாமியாரைப் பிடிக்கலாம். சாமியே மாட்டேன் என்று சொல்லிவிட்டால் யாரைப் போய்ப் பிடிப்பது?

"சாமி சொன்ன பிறகு நாம என்ன பண்ண முடியும்? அதை உங்ககிட்டச் சொல்லிட்டு..."

"சொல்லாதீங்க!" என்று லியாவ் கத்தினார். "எதையும் சொல்லாதீங்க. எந்தச் சாமி அது?"

"எங்க தெருச் சாமிதான்."

"தெருச் சாமியா! அக்கா, தெருச் சாமிக்குத் தெரு விவகாரம் தெரியும். சாக்கடை அடைச்சா கேக்கலாம், பூனை காணாமப் போனாக் கேக்கலாம். வண்டி விவகாரம் அவருக்கு என்ன தெரியும்? நாம வேற சாமிகிட்டக் கேப்போம்."

சியூலான் அக்கா அவரையே பார்த்தாள். "வேற சாமியா? அப்படிக் கேக்கலாமா? உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"எனக்கென்ன ஆட்சேபணை? எனக்குச் சந்தோஷம்தான்!"

"நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல" என்றாள் அவள், கைகளைக் கூப்பி.

அந்த வெள்ளை வேனிலேயே கிளம்பினார்கள். வண்டி ஓடுகிற அழகைப் பார்த்தாலே பாதி மனசு மாறிவிடும் என்பது லியாவின் கணக்கு. ஆனால் இரண்டு தெரு தாண்டியதும் அக்கா, "முதலாளி, எனக்கு மீன் வந்திருக்கும். போற வழிதானே?" என்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஐந்து கூடை பால்கெண்டை பின்னால் ஏறியது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஐஸ் கரைந்து, மீன் தண்ணீர் போன வாரம்தான் மாற்றிய புது விரிப்பில் இறங்கியது. நாளைக்கு இது அவள் வண்டி, அவள் மீன், நமக்கென்ன என்று லியாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் மண்காவல் தாத்தா கோயில். வெள்ளைத் தாடியும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருக்கும் இந்தத் தாத்தா வியாபாரிகளுக்கு வேண்டியவர். லியாவ் தன் செலவில் ஆரஞ்சு, ஊதுபத்தி, சாமிக்கு எரிக்கிற தங்கத்தாள் எல்லாம் வாங்கிக் கொடுத்தார். அடுத்தவர் சாமியிடம் கேட்பதை ஒட்டுக் கேட்பது மரியாதை இல்லை. அதனால் தூண் பக்கம் தள்ளி நின்று கட்டைகளை மட்டும் பார்த்தார். பிறை வடிவக் கட்டை இரண்டு. ஒன்று மல்லாந்து மற்றது கவிழ்ந்தால் சம்மதம். இரண்டுமே கவிழ்ந்தால் கூடாது. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார் என்று பொருள்.

அக்கா முணுமுணுத்துவிட்டுக் கட்டைகளைப் போட்டாள். இரண்டும் கவிழ்ந்தன. மறுபடி போட்டாள். மறுபடி கவிழ்ந்தன. மூன்றாவது தடவை ஒரு கட்டை கொஞ்ச நேரம் விளிம்பில் நின்று யோசித்தது. லியாவ் தூணைக் கட்டிக்கொண்டார். அதுவும் கவிழ்ந்தது.

"பாத்தீங்களா முதலாளி? சாமிக்கு இஷ்டமில்ல. போதும். சாமி சொன்னபடியே நடந்துக்கறேன். உங்களுக்கும் ஏன் வீண் சிரமம்?"

"சாமி சொன்னபடியெல்லாம் நடந்துக்காதீங்க அக்கா!" என்று லியாவ் போட்ட சத்தத்தில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டார். "தாத்தாவுக்கு வயசாயிடுச்சு. தாடியப் பாத்தீங்கள்ல? கேள்வி காதுல சரியா விழுந்திருக்காது. நாம செம்முகத் தளபதி சாமிகிட்டப் போவோம். பட்டுன்னு நேர்மையாப் பேசறவரு."

"எனக்காக இவ்வளவு மெனக்கெடறீங்களே!"

"உங்களுக்காக இல்லாம வேற யாருக்காக?" என்றார் லியாவ், வாய் கூசாமல்.

வழியில் மனைவி பீஹுவா போன் செய்தாள்.

"கேக் கடைக்காரன் மிச்சப் பணத்தைக் கேக்கறான். என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. இல்லன்னா ஒண்ணு செய். பெட்டியப் பாதியாக் குறைச்சுட்டு அட்வான்ஸ்ல மிச்சத்தைத் திருப்பி வாங்கிடு."

"கேட்டுட்டேன். வாங்கின அட்வான்ஸ் வாங்கினதுதானாம். ஒரு காசு திருப்பித் தரமாட்டானாம்."

"என்ன அநியாயம் இது!" லியாவ் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். "அடுத்தவன் காசை வாங்கி வெச்சுக்கிட்டுத் தரமாட்டேங்கறானா? இவனெல்லாம் மனுஷனா? இப்படிப்பட்டவனாலதான் மழையே பெய்யறதில்ல!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சியூலான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செம்முகத் தளபதிக்கு ஆரஞ்சு போதாது. ஒரு முழு வறுத்த வாத்து வாங்கினார்கள். தளபதி கையில் நீண்ட வாளோடு, ஒரு பொய் சொன்னாலும் தலையை எடுத்துவிடுகிறவர்போல நின்றார். அக்கா கட்டைகளைப் போட்டாள். இரண்டும் மல்லாந்தன.

சாமி சிரித்தார்.

"கேள்வியத் தெளிவாக் கேளுங்க அக்கா" என்று லியாவ் தூணருகிலிருந்து சொல்லிக் கொடுத்தார். மறுபடி போட்டாள். மறுபடி சிரிப்பு. நாலாவது சிரிப்பில் லியாவுக்கே அவமானமாகிவிட்டது. சாமி அக்காவைப் பார்த்துச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அக்காவின் தலைக்கு மேலாகத் தூண் பக்கம் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது. பிறகு தளபதி சிரித்து ஓய்ந்து, இரண்டு கட்டைகளையும் கவிழ்த்துக் கவிழ்த்து மூன்று தடவை கூடாது என்றார்.

வேனுக்குத் திரும்பியபோது இரண்டு தெருநாய்கள் அதன் பின்கதவை நக்கிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் லியாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. இனி இந்த வேனை ஒரு மீன்காரியைத் தவிர உலகத்தில் எவர் தலையிலும் கட்ட முடியாது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பார்களே, இங்கே அந்தச் சாண்கூட ஏறவில்லை.

"முதலாளி, வேணாம். எழுதினபடி நடக்கட்டும். என் தலையெழுத்துன்னு ஏத்துக்கறேன்" என்றாள் அக்கா.

"தலையெழுத்தை மாத்தத்தான் சாமியே இருக்கு! ஒரே ஒரு கோயில். எங்க குடும்பத்துக்கு வேண்டிய கடலம்மா. நான் கூப்பிட்டா வராம இருக்கமாட்டா."

கடலம்மா கோயில் மீன் குட்டைகளுக்கு நடுவே இருந்தது. உள்ளே சுழன்ற மின்விசிறி லியாவ் வாங்கிக் கொடுத்தது. அவர் பெயர் இறக்கைகளில் சிவப்பெழுத்தில் இருந்தது, விசிறி நின்றால் படிக்கலாம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பான் கிழவர், விசிறிக்காரரைப் பார்த்ததும் எழுந்து வரவேற்றார்.

இந்த முறை லியாவ் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுவதாக இல்லை. அக்காவுக்கு முன்னால் தானே மண்டியிட்டார்.

"தாயே! இந்த அக்கா கேக்கறதுக்கு நீ சம்மதம் குடுத்தா, உனக்கு மூணு நாள் பொம்மலாட்டம் போடறேன். முழுக் குழு, மேளதாளத்தோட! நீ சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்படறேன். மீறினா என் யாவாரம் அழிஞ்சு போகட்டும், என் மகன் கல்யாணம் நின்னு போகட்டும்!"

"முதலாளி!" என்று சியூலான் அக்கா பதறினாள். "எனக்காகவா இப்படிச் சத்தியம் பண்றீங்க?"

"கேளுங்க அக்கா. தைரியமாக் கேளுங்க!"

லியாவ் வாசல்வரைக்கும் விலகிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அழுதுகொண்டே முணுமுணுப்பது கேட்டது. பான் கிழவர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கட்டைகள் விழுகிற சத்தம் வந்தது.

"சம்மதம்!" என்றார் கிழவர்.

மறுபடி சத்தம். "சம்மதம்!"

லியாவ் ஒரு கண்ணைத் திறந்தார். கட்டைகள் மூன்றாவது முறையாகத் தரையில் துள்ளின. ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

"மூணும் சம்மதம்! கடலம்மா குடுத்துட்டா!"

லியாவ் மின்விசிறிக்குக் கீழே நின்று குதித்தார். சியூலான் அக்கா ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களை மாதிரி ஒரு யாவாரிய இந்த ஊரு கண்டதில்ல முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நன்றிக்குத் தங்கத்தாள் எரிக்க வெளியே சூளைப் பக்கம் போனாள்.

லியாவ் உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"பீஹுவா! கேக் கடைக்காரனுக்கு மிச்சத்தையும் குடுத்துடு. சீட்டுப் பணத்தை எடுத்துக் குடு, நான் சாயங்காலம் ஈடுகட்டிடறேன். நூத்தம்பது பெட்டியாப் போடச் சொல்லு. சம்பந்தியம்மா வாயைப் பொளக்கணும்!"

"திடீர்னு எங்கேயிருந்து பணம் வந்துச்சு?"

"வந்துக்கிட்டே இருக்கு!"

போனை வைத்துவிட்டுப் பான் கிழவரின் தோளில் கை போட்டார். உலகத்தில் எல்லோர்மேலும் அவருக்கு அன்பாக இருந்தது.

"பொம்மலாட்டத்துக்கு வர்ற பௌர்ணமி சரியா இருக்குமா?" என்று கிழவர் கேட்டார்.

"எந்த நாள் வேணாலும் வெச்சுக்குங்க, மூணு நாள் என்ன, நாலு நாள் போடுவோம். அந்தம்மா வேனை எடுக்கறதுக்கு மட்டும் ஒரு நல்ல நேரம் பாத்துச் சொல்லுங்க. இன்னைக்கே எடுத்துட்டா எனக்கு நிம்மதி."

பான் கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேனை எடுக்கறதா? வேனை வாங்கலாம்னுதான் அவங்க தெருச் சாமி போன மாசமே உத்தரவு குடுத்தாராமே. இப்போ அண்ணன் மகன் சும்மாவே ஒரு வண்டி தர்றானாம், அதனால 'அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கலாமா'ன்னுல்ல கேட்டாங்க. மூணு சாமி 'கூடாது, அந்த வேனையே வாங்கு'ன்னு சொல்லியும், இந்தத் தங்கமான மனுஷன்தான் விடாம இங்க வரைக்கும் கூட்டிட்டு வந்தாருன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்களே, முதலாளி!"