டின் கட்டுதல் என்பதன் முதற்பொருள்

சம்பந்தி ஆகும் வாசல்வரை வந்து திரும்பிப்போன பல் மருத்துவர் ஐயா அவர்களுக்கு, டின் உணவுத் தொழிற்சாலையில் லேபிள் வாசகம் எழுதுபவனும், தங்கள் மகன் விரும்பும் பெண்ணின் தகப்பனுமாகிய நான் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவியும் நலம். மகள் நலமில்லை, அதற்குக் காரணம் நீங்கள்தான் என்று சொல்ல வரவில்லை. தங்கள் நலமும், ஓடும்போது சுளுக்கிக்கொண்ட தங்கள் தம்பியின் கணுக்கால் நலமும் அறிய ஆவல்.

பிள்ளைகள் பேசி முடிவெடுத்துவிட்டார்கள், பெண்ணின் அப்பனை வேலையிடத்திலேயே பார்த்துவிடுவோம் என்று நீங்களும் தம்பியும் வந்தீர்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாகாது, ஆளுக்குக் கொஞ்சம் அன்னாசி டின்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்போம் என்று நினைத்தது என் குற்றமா? மூடி அழுத்தும் இயந்திரம் பக்கத்தில் அலறுகிறது, அதோடு பாதி ஆயுளைக் கழித்த பேக்கிங் மேஸ்திரிக்குக் காது மந்தம், ஆகவே கத்தினேன். “மாப்பிள்ளையோட அப்பா வந்திருக்காரு. நல்லா டின் கட்டி அனுப்பு.” நீங்கள் தேநீரைக் கீழே வைத்தீர்கள்.

“எங்களுக்கா?”

“உங்களுக்குத்தாங்க. தம்பிக்குத் தனியா.”

“இல்லைங்க, பரவாயில்லை, நாங்க கிளம்புறோம்.”

“அதெப்படி, கட்டாம விட்டுருவோமா?”

உபசாரமாகத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஒரு கையில் கயிறும் மறு கையில் அதை அறுக்கும் கத்தியுமாக வந்து, “இவங்க ரெண்டு பேருமா சார்?” என்று கேட்டுத் தொலைத்தார். நீங்கள் ஓடினீர்கள். என் கத்தல் கேட்டுவரை எட்டியிருந்ததால் காவலாளி மறித்து, “டின் கட்டாம வெளிய விட வேணாம்னு சார் சொல்லியிருக்காரு” என்றதும் நீங்கள் கேட்டில் ஏறினீர்கள். தங்கள் வயதில் எனக்கு அது வராது.

ஐயா, சொல்லின் வரலாற்றைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். டின் என்பது ஆங்கிலத்தில் முதலில் ஓர் உலோகம். அதைப் பூசிய இரும்புத் தகட்டில் கலம் செய்தார்கள், கலத்துக்கும் அதே பெயராயிற்று. நாம் அதை வாங்கிக் கயிற்றால் கட்டினோம். எங்கள் பேக்கிங் பிரிவில் இன்றுவரை அது ஒன்றுதான் பொருள். வெளியே அது எப்படி உதை ஆனது என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்பவனை நம்பாதீர்கள். நாயின் வாலில் டின்னைக் கட்டி விரட்டுவதிலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்கொரு எண்ணம். நீங்கள் இருவரும் தெருவில் போன வேகத்தைப் பார்த்தபோது தோன்றியது. உவமையை உவமையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டின் உச்சியிலிருந்து தங்கள் தம்பி, “இந்தத் தகர டப்பாவோட சம்பந்தமே வேணாம்ணே” என்றார். வருத்தமில்லை. டப்பா வடக்கேயிருந்து வந்தது, அதை விடுங்கள். தகரம் என்பது பழம்பாட்டுகளில் பெண்கள் கூந்தலில் பூசிய வாசனைப் பொருள். ஆக, அவர் என்னைப் பாதி மணக்கிறவன் என்று பாராட்டியிருக்கிறார். படித்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

உண்மையான குற்றவாளி எங்கள் மேலாளர். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்பதற்காகச் சொல்லவில்லை. டின்னுக்கு ‘அடைகலன்’ என்று லேபிளில் போடலாம் எனப் பல மாதம் முன்பே எழுதிக் கொடுத்தேன். “எதுக்கு சார், அடைக்கலம்னு படிச்சுட்டு யாராவது பெட்டி படுக்கையோட வந்து நிக்கவா?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அந்தச் சொல் மட்டும் நிலைத்திருந்தால் அன்று நான் “அடைகலன் கட்டு” என்று கத்தியிருப்பேன், உங்களுக்கு ஒரு எழவும் புரிந்திருக்காது, நாம் இந்நேரம் சம்பந்திகள்.

மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். “உங்க தமிழால என் கல்யாணம் போச்சுப்பா. சாதாரணமா நாலு டின்னைக் கையில குடுத்திருக்கக் கூடாதா?” என்கிறாள். என் அகராதிகளையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன் ஐயா. தாங்கள் பெரிய மனது பண்ணி ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். நான் வாயே திறக்க மாட்டேன், வீட்டுக்காரி பேசுவாள்.

தங்கள் குடும்பத்தில் எவர் பல்லும் ஆடாமல், எவர் மனமும் கசக்காமல் நீடு வாழ வேண்டி, அதே தகர டப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் தங்கள் மகன் வந்தான். பிரிக்க வைத்துவிட்டான். “மாமா, விளக்கம் கிளக்கம்னு எதையாவது எழுதிக் கெடுத்துடாதீங்க. ‘மாட்டேன்னு சொன்னா அந்த ஆளு ஆள் வச்சு டின் கட்டிருவாரு’ன்னு பயந்து எங்கப்பா நேத்தே கல்யாணத்துக்குத் தேதி குறிச்சுட்டாரு” என்கிறான். மகள் இப்போதுதான் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. தபால்தலையை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். அன்று நான் சொன்னதைத் தாங்கள் மிகச் சரியாகவே புரிந்துகொண்டீர்கள்.